பொங்கலுக்கு எங்கே கொடுப்பது?

கேள்வி: பொங்கல் போனஸில் ஐயாயிரம் ரூபாயை நன்கொடையாகத் தர நினைக்கிறேன். எந்த அமைப்பை நம்பலாம்?
– வாசகர், அறந்தாங்கி

பதில்: புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தில் விளைந்ததுதான் 1954இல் அவர் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. நன்கொடைகளின் துணையோடு ஏழைகளுக்கு இன்றும் சிகிச்சை தருகிறது. என் முதல் தேர்வு அதுதான். நம் மண்ணின் மகள் வைத்த விளக்கல்லவா!

வங்கி வழியே அனுப்பி, ரசீது வாங்குங்கள். பழைய வரிமுறையில் இருந்தால் 80ஜி சலுகை உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அது கிடைக்காது. வாசலில் நின்று படம் காட்டி அவசரப்படுத்துகிறவர்களுக்குத் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

பணத்தோடு நிற்க வேண்டாம். பண்டிகை நாள்களில் ரத்தம் கொடுக்க வருவோர் குறைவு. உடல்நிலை இடம் கொடுத்தால், விடுமுறைக்கு முன்பே புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ரத்த வங்கிக்கு ஒருமுறை போய்வாருங்கள்.