சிறுவன் சுமந்த மண்
(இளைஞர் சங்கங்களுக்கும் கோடைக்கால முகாம்களுக்கும் ஒரு பாடம்)

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் நாட்டின் ஆசிரமங்களிலும் ஆலய மண்டபங்களிலும் பள்ளி வளாகங்களிலும் சிறுவர் சிறுமியரின் குரல் நிறைந்துவிடுகிறது. காலையில் பிரார்த்தனை, ஆசனப் பயிற்சி, சுலோகம், கதை, விளையாட்டு, மாலையில் பஜனை. இடையே ஒரு நாள் ‘சேவை நாள்’. குழந்தைகள் துடைப்பமும் கூடையும் ஏந்தி ஒரு தெருவையோ ஒரு கோயில் பிராகாரத்தையோ தூய்மை செய்கின்றனர். முகாம் முடிகிறது, சான்றிதழ் வழங்கப்படுகிறது, அனைவரும் மகிழ்ச்சியுடன் வீடு திரும்புகின்றனர்.

அதன்பிறகு என்ன நிகழ்கிறது? முகாமில் தன் தட்டைத் தானே கழுவிய பிள்ளை வீட்டில் உண்ட தட்டை அப்படியே விட்டு எழுந்துவிடுகிறான் என்பது பெற்றோர் பலரும் கூறும் குறை. பத்து நாள் பயிற்சி பதினோராம் நாள் ஏன் நிற்கவில்லை? குழந்தையிடம் குறையா, நாம் சேவையைக் கற்பித்த முறையில் குறையா? இக்கேள்விக்கு விடை தேடத் திருவேங்கட மலைக்குச் செல்வோம். அங்கே ஒரு சிறுவன் சேவை செய்ய முன்வந்து, ஒரு பெரியவரால் துரத்தப்பட்ட வரலாறு உள்ளது.

அனந்தாழ்வானின் கடப்பாரை

ஸ்ரீரங்கத்தில் ஒருநாள் பகவத் ராமானுஜர் திருவாய்மொழியின் திருவேங்கடப் பதிகத்தை விளக்கிக்கொண்டிருந்தார். திருமலையில் தங்கி எம்பெருமானுக்குப் புஷ்ப கைங்கரியம் செய்ய யாரேனும் முன்வருவீர்களா என்று சீடர்களைக் கேட்டார். அக்காலத்தில் அந்த மலை அடர்ந்த காடு. குளிரும் நோயும் அச்சுறுத்துபவை. அவையில் மௌனம் நிலவியது. அனந்தாழ்வான் ஒருவரே எழுந்தார்.

அவர் மனைவியுடன் திருமலைக்குச் சென்று நந்தவனம் அமைத்தார். செடிகளுக்கு நீர் வேண்டும். எனவே ஏரி ஒன்று வெட்டத் தொடங்கினார். அவர் மண்ணை வெட்டுவார். நிறைமாதக் கர்ப்பிணியாகிய மனைவி அதனைக் கூடையில் சுமந்து சென்று கொட்டுவார். பிறர் கை இதில் படலாகாது என்பது அவருடைய உறுதி.

அப்போது ஒரு சிறுவன் வந்து, ‘நானும் மண் சுமக்கிறேன்’ என்றான். அனந்தாழ்வான் மறுத்தார். குருநாதர் தமக்கு இட்ட பணியில் வேறு ஒருவனுக்குப் பங்கு ஏது? சிறுவன் விடவில்லை. கணவர் காணாத இடத்தில் அம்மையாரிடம் சென்று கேட்டான். சோர்ந்திருந்த அவர் அன்புடன் கூடையைக் கொடுத்தார். மனைவி வழக்கத்தைவிட விரைவாகத் திரும்பி வருவதைக் கண்ட அனந்தாழ்வான் காரணத்தை அறிந்து சினம் கொண்டார்; சிறுவனைத் துரத்தினார்; கையிலிருந்த கடப்பாரையை வீசினார். அது சிறுவனின் மோவாயில் பட்டது. அவன் ஓடிச் சென்று திருக்கோயிலுக்குள் மறைந்தான். சிறிது நேரத்தில், மூலவரின் மோவாயிலிருந்து குருதி வழிவதை அர்ச்சகர்கள் கண்டனர் என்றும், பதறி ஓடிவந்த அனந்தாழ்வான் அங்கே பச்சைக் கற்பூரம் வைத்து அதனை நிறுத்தினார் என்றும் தல வரலாறு கூறுகிறது.

இன்றும் திருவேங்கடமுடையானின் மோவாயில் பச்சைக் கற்பூரம் சாத்தப்படுகிறது. அந்தக் கடப்பாரையும் மகாத்துவாரத்தருகே சுவரில் காணப்படுகிறது. தரிசனத்திற்கு விரையும் நம்மில் பலர் அதனைப் பார்ப்பதேயில்லை. இளைஞர் பணியில் ஈடுபட்டோர் அவசியம் நின்று காண வேண்டிய பொருள் அது.

இரண்டு தவறுகள்

அனந்தாழ்வான் சாதாரண மனிதரல்லர். எவரும் துணியாத பணிக்குத் துணிந்தவர். அவரிடம் சோம்பல் இல்லை, சுயநலம் இல்லை. எனினும் ‘இது என் கைங்கரியம்’ என்னும் நுண்ணிய பற்று அவரிடம் எஞ்சியிருந்தது. செல்வத்தின்மீதுள்ள பற்றை நாம் எளிதில் அடையாளம் காண்கிறோம்; சேவையின்மீதுள்ள பற்று பக்தியின் உடையிலேயே வருவதால் அதனை அடையாளம் காண்பது கடினம். அந்தப் பற்றை நீக்க எம்பெருமான் மேற்கொண்ட வடிவம் எது? மன்னனாகவோ முனிவனாகவோ அவன் வரவில்லை. மண்கூடையைக் கேட்கும் சிறுவனாக வந்தான்.

பெரியவர்களாகிய நாம் செய்யும் முதல் தவறு இதுவே. ‘உனக்குத் தெரியாது, தள்ளிப் போ, நீ செய்தால் இரட்டை வேலை’ என்று சொல்லாத வீடு உண்டா? ஐந்து வயதில் குழந்தை தானாகவே துடைப்பத்தை எடுக்கிறது; நாம் பிடுங்கி வைக்கிறோம். பதினைந்து வயதில் ‘எந்த வேலையும் செய்வதில்லை’ என்று வருந்துகிறோம்.

இரண்டாவது தவறு இதற்கு நேர்மாறானது. நம் காலத்திற்கு உரியது. குழந்தையைச் சேவைக்கு அழைக்கிறோம், ஆனால் பார்வைக்காக. ஏற்கெனவே தூய்மையாக உள்ள இடத்தில் புதிய துடைப்பங்களுடன் நிறுத்திப் புகைப்படம் எடுக்கிறோம். தன் உழைப்பால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்பதைக் குழந்தை உடனே உணர்ந்துகொள்கிறது. சேவை என்பது ஒரு நாடகம் என்னும் பாடமே அதன் மனத்தில் பதிகிறது. முதல் தவறு குழந்தையின் கையிலிருந்து கூடையைப் பறிக்கிறது. இரண்டாவது தவறு வெறுங்கூடையைக் கொடுக்கிறது.

அம்மையார் செய்ததைக் கவனியுங்கள். அவருடைய சுமை உண்மையான சுமை. அவருக்கு உதவி உண்மையாகவே தேவைப்பட்டது. எனவே அவர் கொடுத்த கூடையில் மண் இருந்தது.

ஊக்கமும் உறுதியும்

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில், சாத்விகமாகச் செயல்படுபவனின் இலக்கணத்தை பகவான் கூறுகிறார்: பற்று அற்றவன், ‘நான் செய்தேன்’ என்று பேசாதவன், உறுதியும் ஊக்கமும் உடையவன், வெற்றி தோல்விகளில் மாறாதவன். இவற்றுள் ‘த்ருதி’ எனப்படும் உறுதியும், ‘உத்ஸாகம்’ எனப்படும் ஊக்கமும் அருகருகே வைக்கப்பட்டிருப்பது சிந்தனைக்குரியது. ஊக்கம் குழந்தைக்கு இயல்பாகவே உண்டு. அதனை யாரும் புகட்ட வேண்டியதில்லை. ஆனால் அது காலையில் எழுந்து மாலையில் அடங்கிவிடும். உறுதி பெரியவர்களிடம் காணப்படும். ஆனால் ஊக்கமற்ற உறுதி இறுகிப்போய்க் கடப்பாரையாகிவிடும்.

இளைஞர் சங்கமும் முகாமும் இவ்விரண்டும் சந்திக்கும் இடங்கள். தொடங்கிய பணியை முடிக்கும் வரை விடாதிருத்தல், சலிப்பு வந்தபின்னும் ஒரு மணி நேரம் தொடர்தல் ஆகியவற்றைக் குழந்தை பெரியவரிடமிருந்து பெறுகிறது. மகிழ்ந்து செய்தல், கணக்குப் பார்க்காதிருத்தல் ஆகியவற்றைப் பெரியவர் குழந்தையிடமிருந்து திரும்பப் பெறுகிறார்.

நற்பண்பு சொற்பொழிவால் வருவதன்று, பழக்கத்தால் வருவது என்பது கிரேக்க ஞானி அரிஸ்டாட்டிலின் கொள்கையும் ஆகும். நீச்சலைக் கரையில் நின்று கற்க இயலாததுபோல், நேர்மையான செயல்களைச் செய்யாமல் நேர்மையைக் கற்க இயலாது. 1907-இல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் இருபது சிறுவர்களைக் கொண்டு நடத்திய முகாம் இந்த அடிப்படையில் அமைந்ததே. செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகத் தங்கினர். அதிலிருந்து சாரணர் இயக்கம் வளர்ந்தது. அன்றைய சாரணர் படைகளில் இந்தியச் சிறுவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டதால், அன்னி பெசன்ட் அம்மையார் 1916-இல் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென ஒரு சாரணர் சங்கத்தைத் தோற்றுவித்தார். சேவை செய்யும் உரிமைக்கும் போராட வேண்டியிருந்த காலம் அது! சுதந்திரத்திற்குப் பின், 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. மகாத்மா காந்தியின் நூற்றாண்டையொட்டி 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது.

திருமலையிலும் இம்மரபு தொடர்கிறது. பிரம்மோற்சவ நாட்களில் சாரண சாரணியர் கூட்டத்திற்கு வழிகாட்டி நிற்பதை யாத்திரிகர்கள் காணலாம். 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஸ்ரீவாரி சேவை’யில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வரும் அன்பர்கள் காய்கறி நறுக்குகின்றனர், உணவு பரிமாறுகின்றனர், வரிசைகளை ஒழுங்கு செய்கின்றனர். 1985-இல் தொடங்கிய நித்திய அன்னதானம் நடைபெறும் பெருங்கூடத்திற்குத் தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் சித்தூர்ப் பகுதியின் சிற்றூரில் பிறந்து, இளமையிலேயே விதவையாகி, ஊராரின் எதிர்ப்பைத் தாங்கித் திருமலை சேர்ந்த அப்பெண்மணி, கவிஞராகவும் அன்னமிட்ட தாயாகவும் நினைக்கப்படுகிறார்.

அறிவோடு கூடிய அன்பு

சேவைக்கு அன்பு மட்டும் போதுமா? அலிபிரியிலிருந்து மலையேறும் 3,550 படிகளில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வழியில் குரங்குகளைக் காணும் குழந்தை, தன் கையிலுள்ள வாழைப்பழத்தை அன்புடன் கொடுக்கிறது. பெற்றோரும் மகிழ்கின்றனர். ஆனால் உணவு கிடைக்கும் இடத்தில் குரங்குகளும் நாய்களும் மான்களும் கூடும். அவற்றைத் தேடிச் சிறுத்தையும் வரும். 2023 ஆகஸ்டில் அந்தப் படிவழியில் சிறுத்தை தாக்கி ஒரு சிறுமி உயிரிழந்த துயரத்தை நாம் மறக்கலாகாது. அதன்பின் சிறுவர்கள் நடந்து செல்வதற்கு நேரக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. விலங்குகளுக்கு உணவளிக்கலாகாது என்றும் அறிவுறுத்தப்பட்டது.

ஆகவே கருணை என்று நாம் கருதும் செயலும், அதன் விளைவை அறியாதபோது தீங்காகிவிடலாம். முகாமிற்கு வரும் குழந்தைகளுக்கு இந்தக் காரண காரியத் தொடர்பை விளக்கிப் பாருங்கள். சேஷாசலக் காடு 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. செம்மரம் இயற்கையாக வளரும் இடங்கள் உலகிலேயே மிகக் குறைவு, அவற்றுள் இம்மலைகளும் அடங்கும் என்று சொல்லுங்கள். ‘குரங்குக்கு ஏன் பழம் கொடுக்கக் கூடாது?’ என்று வழியில் பிறருக்கு எடுத்துச் சொல்லத்தக்க ஒரு சிறுவன், ஆயிரம் காகிதங்களைப் பொறுக்கியவனைவிடப் பெரிய சேவை செய்தவனாவான்.

அறிவுடன் பொறுமையும் வேண்டும். மதனப்பள்ளி அருகிலுள்ள ரிஷி பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் வறண்ட பூமி. ஜே. கிருஷ்ணமூர்த்தியின் எண்ணத்தில் உருவான அங்குள்ள பள்ளியின் மாணவர்களும் ஆசிரியர்களும் பல பத்தாண்டுகள் மரம் நட்டுப் பேணினர். 1991-இல் அது பறவைகளின் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. நட்ட மாணவன் பள்ளியை விட்டுச் சென்ற பின்னரே மரம் நிழல் தந்தது. அவன் அறியாத பறவை அதில் கூடு கட்டியது. பலனை எதிர்பாராத கர்மம் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் குழந்தைகளுக்கு எது?

முகாம் நடத்துவோர் கவனத்திற்கு

1. பணியைத் தேர்ந்தெடுக்குமுன் தேவையைக் கேட்டறியுங்கள். அருகிலுள்ள முதியோர் இல்லத்திற்கோ அங்கன்வாடிக்கோ குழந்தைகளே சென்று, ‘எங்களால் இங்கே ஆக வேண்டியது என்ன?’ என்று கேட்கட்டும். 

2. சிறிய பணியாயினும் முழுமையாக முடிக்கத்தக்கதாக இருக்கட்டும். ஊர் முழுவதையும் தூய்மை செய்ய முயல்வதைவிட ஒரு குடிநீர்த் தொட்டியை ஆண்டு முழுவதும் பேணுவது மேல். பழைய சேலைகளைத் துணிப்பைகளாகத் தைத்து யாத்திரை செல்வோருக்கு வழங்கலாம்.

3. குழந்தையின் வயதிற்கும் உடலுக்கும் மீறிய பணி வேண்டா. சாக்கடை, கண்ணாடிச் சில்லு, மருத்துவக் கழிவு, போக்குவரத்து மிகுந்த சாலை ஆகியவை சிறுவர்க்கு உரியனவல்ல. ஸ்ரீவாரி சேவையும் பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கே என்பது நினைவிருக்கட்டும். கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையைச் சேவை என்ற பெயரால் குழந்தைகள்மீது சுமத்துவது அதர்மம்.

4. பெரியவர்களும் உடன் உழைக்கட்டும். நாற்காலியில் அமர்ந்து கண்காணிப்பவர் கற்பிப்பது அதிகாரத்தை, சேவையை அல்ல.

5. முகாமின் இறுதி நாளில், வீட்டில் தொடரப்போகும் ஒரே ஒரு பணியைக் குழந்தையே தேர்ந்துகொள்ளட்டும். பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுப்பதாகவும் அது இருக்கலாம். பெற்றோரிடம் நாம் வேண்டுவது ஒன்றே: அந்தக் கூடையைத் திரும்பப் பிடுங்கிவிடாதீர்கள்.

யார் சிறியவர்?

ராமானுஜர் முதன்முறை திருமலைக்கு எழுந்தருளியபோது, அவருடைய தாய்மாமனும் ஆசாரியருமான பெரிய திருமலைநம்பி, முதுமையையும் பொருட்படுத்தாமல் பிரசாதத்துடன் தாமே எதிர்கொண்டு வந்தார். ராமானுஜர் நெகிழ்ந்து, இதற்குச் சிறியவர் ஒருவரை அனுப்பலாகாதா என்று வினவினார். நான்கு வீதிகளிலும் தேடியும் தம்மினும் சிறியவர் ஒருவரையும் காணவில்லை என்று நம்பி விடையளித்தார்.

நாள்தோறும் நெடுந்தொலைவு நடந்து எம்பெருமானுக்குத் திருமஞ்சன நீர் சுமந்த பெரியவரின் சொல் அது. வாழ்நாள் முழுவதும் செய்த சேவையால் அவர் சிறியவராகவே ஆகிவிட்டார். குழந்தைகளுக்குச் சேவையைக் கற்பிக்க விரும்பும் நாம் முதலில் அடைய வேண்டிய தகுதியும் அந்தச் சிறுமையே.

சிந்தனைக்கு

அ. அனந்தாழ்வான் சிறுவனை மறுத்ததற்கும் அம்மையார் ஏற்றதற்கும் உள்ள வேறுபாடு யாது?

ஆ. நம் சங்கம் சென்ற ஆண்டு செய்த பணிகளுள் எவை உண்மையான தேவையை நிறைவேற்றின? எவை பார்வைக்காக நிகழ்ந்தன?

இ. அன்பினால் செய்து, அறியாமையால் தீங்காக முடிந்த செயல் ஒன்றைக் கூற இயலுமா?

ஈ. யாருடைய கையிலிருந்தேனும் கூடையை நாம் பறித்திருக்கிறோமா?