கடைசல் யந்திரத்தின் பின்முனையைக் கழற்றி மாட்டும் முறை

பச்சைமலை உழவருக்கு அரிவாளுக்கும் கொத்துக்கும் கடைந்த பிடி வேண்டும். உறையூர், மணமேடு முதலிய ஊர்களின் நெசவாளருக்குத் தார்க்குச்சி வேண்டும். இரண்டும் மரக் கடைசல் யந்திரத்தில் உருவாகுபவை. குச்சி கோணலானால் தார் சுற்றும்போது ஆடும். நூல் ஒழுங்காகப் படியாது. தறியில் ஊடை அறும். அறுந்த நூலை முடியும் நேரமெல்லாம் நெசவாளர் கூலியில் குறைவதே. ஆதலின் இப்பாடம் நம் இரு பிரிவினர்க்கும் உரியது.

கட்டையின் வலப்புறத்தைத் தாங்கும் கூர்முனையைத் தொழிலாளர் 'செண்டர்' என்பர். அதன் அடித்தண்டு, 1860களில் அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் வகுத்த சரிவுடையது. ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் வீதம் குறுகிச் செல்லும். திருகாணியின்றி உராய்வினாலேயே அது குழலைப் பற்றி நிற்கிறது. இடையில் மரத்தூள் சிக்கினால் பிடிப்புக் கெடும், கட்டை அதிரும், பறந்து முகத்தில் அடிக்கவும் கூடும்.

கழற்றும் முறை: முதலில் மின்சாரத்தை நிறுத்திக் கட்டையை எடுத்துவிட வேண்டும். குழலின் பூட்டைத் தளர்த்திக் கைச்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றினால், குழல் உள்ளே செல்லும். முடிவில் உட்திருகின் நுனி முனையை வெளியே தள்ளிவிடும். சூடாயிருக்கலாமாதலால் அதைத் துணியால் பிடித்துக்கொள்க. தானே வெளிவராத அமைப்பில், குழல் பின்புறம் வரை துளையுள்ளதாயின், அதன் வழியே ஒரு கம்பியைச் செலுத்தி மெல்லத் தட்டலாம். குறட்டால் சரிவைப் பிடித்துத் திருகலாகாது. அதில் விழும் வடு பின்னர்ப் பொருந்தவிடாது.

மாட்டும் முறை: குழலைச் சுமார் 4 சென்டிமீட்டர் வெளியே கொணர்க. இன்றேல் உட்திருகு முனையை முழுதும் அமரவிடாது. குழலின் உட்புறத்தையும் சரிவையும் உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய்ப் பசையின்றிச் செய்து, கையால் ஒரே வீச்சில் அழுத்துக. சுத்தியல் வேண்டா. பின்னர் இருமுனைகளையும் நெருக்கிப் பார்க்க. நுனிகள் நேருக்குநேர் சந்திக்க வேண்டும்.

சுழலாத முனையாயின் மரம் கருகாதிருக்க நுனியில் மட்டும் சிறிது மெழுகு தடவுக. புதிது வாங்குகையில் சரிவின் எண்ணைக் கேட்டறிதல் அவசியம்: 1ஆம் எண்ணின் பருத்த விட்டம் சுமார் 12.1 மில்லிமீட்டர்; 2ஆம் எண்ணினது 17.8. ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. பொதுப் பணத்தில் வாங்கும் பொருளை அளந்து வாங்குவதும் துடைத்து மாட்டுவதும் அங்கத்தினர் அனைவரின் கடமையாகும்.