மின்வில்லும் தொழிலாளர் காப்பும்

மின்சாரத்தால் விளையும் தீங்கு என்றவுடன், கம்பியைத் தொட்டவன் அதிர்ச்சியுற்று வீழ்வதே நம் நினைவுக்கு வரும். தொடாது நின்றவனையும் சுட்டெரிக்கவல்ல பிறிதொரு தீங்கு உண்டென்பதைப் பலர் அறியார். அதுவே மின்வில். நம் மாணவருட் பலர் நாளை பொறியியலாளராகவும் தொழிற்சாலை அதிகாரிகளாகவும் கடமையேற்பவராதலின், அதனை ஈண்டு விளக்குதல் பொருத்தமாகும்.

காற்று இயல்பாக மின்னைக் கடத்துவதில்லை. ஆயின், மின்னேறிய இரு கடத்திகளுக்கிடையே கருவியொன்று தவறி வீழினும், தூசியும் ஈரமும் காவலியைக் கெடுப்பினும், எலியோ பல்லியோ குறுக்கே புகினும், அவ்விடத்துக் காற்று அயன்மயமாகி மின்னோட்டத்துக்கு வழிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர் ஹம்பிறி டேவி இரு கரித்துண்டுகளுக்கிடையே ஒளிரச் செய்துகாட்டிய வில்லும் இத்தகையதே. அடக்கியாளும்போது உலோகங்களை ஒட்டவைக்கும் அவ்வில், மின்பகிர்வுப் பெட்டியினுள் அடக்கமின்றி எழுமாயின் வெடியாகின்றது. அதன் வெப்பம் ஏறத்தாழ 20,000 பாகை சதமவளவை வரை உயரக்கூடும். சூரியனின் மேற்பரப்போ ஏறக்குறைய 5,500 பாகையே. செம்பு ஆவியாகும்போது தன் பருமனில் ஏறத்தாழ 67,000 மடங்கு விரிகின்றது. எனவே வெப்பத்துடன் பேரமுக்கமும், உருகிய உலோகத் துளிகளும், கண்ணைக் கெடுக்கும் ஒளியும், செவியைப் பிளக்கும் ஓசையும் ஒருங்கே வெளிப்படும்.

1982ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் றால்ப் லீ எழுதிய கட்டுரையே, இதனை மின்னதிர்ச்சியினின்றும் வேறான தீங்காகப் பொறியியலாளர் கருதத் தூண்டியது. தோலின் ஒரு சதுர சென்ரிமீற்றரில் 1.2 கலோரி வெப்பம் படின், கொப்புளம் எழும் இரண்டாந்தரத் தீக்காயம் உண்டாகத் தொடங்கும் என்பது இன்று வழங்கும் அளவாகும்.

இவ்வெப்பத்தின் அளவு மின்னோட்டம், தூரம், காலம் என்னும் மூன்றையும் பொறுத்தது. இவற்றுட் காலமே பெரிதும் கவனிக்கத்தக்கது. வில் இருமடங்கு நேரம் நிலைப்பின், வெப்பமும் ஏறத்தாழ இருமடங்காகும். மின்னோட்டம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று எண்ணுதல் இயல்பே. ஆயின் அஃது எப்பொழுதும் உண்மையன்று. குறைந்த மின்னோட்டத்தில் உருகி உருகுவதற்கு நெடுநேரம் செல்லலாம். அந்நேரமெல்லாம் வில் எரிந்துகொண்டேயிருக்கும். ஆதலின் காப்புக் கருவிகளைத் தக்கவாறு தெரிந்தமைத்தலும், காலந்தோறும் பரிசோதித்தலும் இன்றியமையாதன.

எனினும், சிறந்த காப்பு மின்னைத் துண்டித்தலேயாம். ஆளியைத் திறந்து, அதனைப் பூட்டி, வேலை செய்பவன் பெயரோடு எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட்டு, திறவுகோலை அவனே வைத்திருத்தல் வேண்டும். பின்னர் மின் இல்லையென்பதைக் கருவியால் சோதிக்க வேண்டும். அக்கருவி பழுதற்றதா என்பதை, மின் உண்டென்று தெரிந்த ஓரிடத்தில் முன்னும் பின்னும் பார்த்தல் முறை. தேவையான இடத்தில் கடத்திகளைப் புவியுடன் தொடுத்தலும் வேண்டும். சோதித்தறியும் வரை எக்கம்பியும் மின்னேறிய கம்பியே.

தீத்தாங்கும் உடை, முகமறைப்பு, கையுறை ஆகியன இறுதிக் காப்பேயன்றி முதற் காப்பல்ல. பொலியெஸ்ரர், நைலோன் உடைகள் உருகித் தோலில் ஒட்டுமாதலின் அவற்றை அறவே நீக்குக. சாதாரணப் பருத்தியுடை உருகாதெனினும் தீப்பற்றும்.

இம்முறைகளை அறியாமையினும், அறிந்தும் கைவிடுதலாலேயே கேடு மிகுதி. "வேலையை நிறுத்த நேரமில்லை, மின்னை வெட்டாமலே முடித்துவிடு" என்று கட்டளையிடுபவர் அலுவலகத்தில் அமர்ந்திருப்பார், திறந்த பெட்டியின் முன் நிற்பவனோ வேறொருவன். மறுத்துரைத்தால் வேலை போய்விடுமோ என்று அவன் அஞ்சுவான். ஆதலின் அதிகாரத்திலிருக்கும் பழைய மாணவரை வேண்டுவது ஒன்றே: அவன் கேட்குமுன் நீங்களே மின்னை நிறுத்தச் சொல்லுங்கள். ஒருமணி நேர உற்பத்தியை மறுநாள் ஈடுசெய்யலாம். இழந்த கண்ணை ஈடுசெய்தல் இயலாது.