450 வாட் போதுமா?

எங்க அண்ணன் கம்ப்யூட்டருக்கு ஆர்.டி.எக்ஸ். 3060 கிராஃபிக்ஸ் கார்டு போடப் போறான். உள்ளே இருக்கும் பழைய எஸ்.எம்.பி.எஸ். தாங்குமா என்று பார்க்கும் வேலை எனக்கு. மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கு. அதை நம்பாதீங்க! கார்டும் பிராசஸரும் பெரும்பாலும் 12 வோல்ட் லைனில்தான் கரண்ட் எடுக்கும். லேபிளில் பொடி எழுத்தில் அந்த லைனுக்கு 16 ஆம்பியர் என்று இருந்தது.

பத்தாம் வகுப்பில் படித்தோமே, திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். 12 × 16 = 192 வாட். கார்டுக்கே 170, பிராசஸருக்கு 65. கூட்டினால் 235!

கார்டு கம்பெனி 550 வாட் கேட்கிறது. அதிலும் 12 வோல்ட் லைனைப் பார்த்துத்தான் வாங்கணும். ஸ்லாட் வழியாக 75 வாட்தான் வரும். மீதிக்கு 8 பின் ஒயர் அவசியம்.

- 11ஆம் வகுப்பு மாணவன்