பட்டியலில் விட்டுப்போன எண்ணெய்

அன்புள்ள கயல்,

ரஷ்யா மீது இத்தனை தடை போட்டும் போர் ஏன் நிற்கவில்லை என்று கேட்டிருந்தாய். பதில் சொல்ல என்னை 1935-க்குப் போகவிடு. தடைகளைக் கொண்டே ஒரு போரை நிறுத்திவிடலாம் என்று பல நாடுகள் சேர்ந்து முயன்ற ஆண்டு அது.

அந்த அக்டோபர் 3-ம் தேதி முசோலினியின் இத்தாலி, எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது. இரண்டு நாடுகளுமே ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் உறுப்பினர்கள். நவம்பர் 18 முதல் சங்கம் தடை விதித்தது. இத்தாலிக்கு ஆயுதம் விற்கக் கூடாது, கடன் தரக் கூடாது, அதனிடம் சரக்கு வாங்கக் கூடாது. ரப்பர், வெள்ளீயம், அலுமினியம் எதுவும் அங்கே போகக் கூடாது. அலுமினியம் இத்தாலியிலேயே தாராளமாகக் கிடைத்தது! ராணுவ லாரிக்கும் விமானத்துக்கும் வேண்டிய பெட்ரோலோ, நிலக்கரியோ, எஃகோ பட்டியலில் இல்லை.

சங்கத்தில் சேராத அமெரிக்கா எப்படியும் எண்ணெய் விற்கும் என்றார்கள். முசோலினியைச் சீண்டினால் ஹிட்லரோடு சேர்ந்துவிடுவார் என்று பிரிட்டனும் பிரான்சும் பயந்தன. சூயஸ் கால்வாயையும் மூடவில்லை. எத்தியோப்பியர்கள் மீது இத்தாலிய விமானங்கள் கடுகு வாயுவைப் பொழிந்த மாதங்களில், இத்தாலியின் படைக் கப்பல்கள் சுங்கம் கட்டிவிட்டு அந்தக் கால்வாய் வழியாகவே போய்க்கொண்டிருந்தன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

தடைகள் வலிக்கவே இல்லை என்று நினைத்துவிடாதே. இத்தாலியின் ஏற்றுமதி சரிந்தது, தங்கக் கையிருப்பு கரைந்தது. ஆனால் அந்த வலியை முசோலினி தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்டார். உலகமே நம்மைப் பட்டினி போடப் பார்க்கிறது என்று பிரச்சாரம் செய்தார். டிசம்பர் 18 அன்று ரோமில் ராணி எலெனா தன் திருமண மோதிரத்தைக் கழற்றி நாட்டுக்குக் கொடுத்தார். அவரைப் பார்த்து லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் மோதிரங்களைக் கொடுத்து, இரும்பு மோதிரம் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். ஆட்சியாளர்மேல் திரும்பியிருக்க வேண்டிய கோபம், தடை போட்டவர்கள்மேல் திரும்பியது.

கஜானா காலியாக வருடங்கள் ஆகும். போரோ ஏழு மாதத்தில் முடிந்தது. 1936 மே 5-ல் அடிஸ் அபாபா வீழ்ந்தது. நாட்டை இழந்த பேரரசர் ஹெய்லி செலாசி ஜூன் 30 அன்று ஜெனீவாவில் சங்கத்தின் முன் நின்று நியாயம் கேட்டார். அடுத்த மாதமே தடைகளை எடுத்துவிட்டார்கள்.

இனி ரஷ்யாவுக்கு வா. 2022-ல் அதன் மத்திய வங்கிக்குச் சொந்தமான ஏறக்குறைய 30,000 கோடி டாலரை மேற்கு நாடுகள் முடக்கின. ரூபிளைக் காப்பாற்ற வட்டியை 9.5 சதவீதத்திலிருந்து ஒரே நாளில் 20 சதவீதமாக உயர்த்த வேண்டிவந்தது. அடி பலமான அடிதான். ஆனால் எண்ணெய்? ரஷ்ய எண்ணெய் சந்தையிலிருந்து அடியோடு மறைந்தால் உலகெங்கும் விலை ஏறும். தடை போட்ட நாட்டு மக்களும் துடிப்பார்கள். ஆகவே டிசம்பரில் பீப்பாய்க்கு 60 டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள்: எண்ணெய் வரட்டும், லாபம் குறையட்டும் என்று. போருக்கு முன் ரஷ்யாவிடம் பெயரளவுக்கே வாங்கிய நம் நாடு, 2023-ல் தன் கச்சா எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கிருந்து வாங்கியது. பணம் போய்க்கொண்டே இருந்தது.

அதற்காகத் தடைகள் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 2022-ல் ரஷ்யாவின் லாடா கார்கள் உதிரிபாகம் இல்லாமல் ஏர்பேக் இன்றியே விற்பனைக்கு வந்தன. 2024 அக்டோபரில் வட்டி 21 சதவீதத்தைத் தொட்டது. அந்த வட்டியில் கடன் வாங்கி யார் தொழில் தொடங்குவார்கள்? தடை அரிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது முதலில் தொடுவது வீடுகளையும் சிறு தொழில்களையும். பீரங்கிக்கான பணத்தை அரசு கடைசிவரை விட்டுக்கொடுக்காது.

அன்புடன்,
சித்தப்பா