பிரிவும் விலகலும்

கழக்கூட்டத்திற்கு அருகிலுள்ள செம்பழந்தி, ஸ்ரீ நாராயண குரு அவதரித்த ஊர். 1888-இல் அவர் அருவிப்புரத்தில் சிவப் பிரதிஷ்டை செய்தார். ஆலயப் பிரவேசம் மறுக்கப்பட்டவர்களுக்கு வழிபாட்டின் வாயில் திறந்தது. அக்கோயிலைச் சார்ந்து எழுந்த அமைப்பே 1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாயிற்று. குருவே அதன் தலைவர்.

ஆயினும் 1916-இல், யோகத்தைத் தாம் விட்டுவிட்டதாக டாக்டர் பல்புவுக்கு அவர் கடிதம் எழுதினார். தம்மை அறியாமல் தீர்மானங்கள் நிறைவேறுவதையும், சாதி அபிமானம் பெருகுவதையும் அதில் காரணங்களாகக் குறிப்பிட்டார். சாதியைக் கடக்கத் தோன்றிய இடத்திலேயே சாதி வேரூன்றியது!

அவர் யோகத்தைப் பிளந்தாரா? இல்லை. ‘நான்’, ‘எனது’ என்னும் எண்ணம் சுவர் எழுப்புவதே பிரிவு. அச்சுவருக்கு அப்பால் செல்வது விலகல். ஓர் அமைப்பின் உள்ளே இருந்துகொண்டே பிரிவை வளர்ப்போரும் உண்டு. வெளியே வந்தும் ஒருமையைக் காப்போரும் உண்டு.

புறத்தோற்றத்தில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பின்விளைவே வேற்றுமையைக் காட்டும். விலகிய குருவின் உள்ளம் குறுகவில்லை. 1924-இல் ஆலுவா அத்வைத ஆசிரமத்தில் அவர் சர்வமத மாநாடு கூட்டினார். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சதாசிவ ஐயர் தலைமை வகித்தார். வாதத்தில் வெல்வதற்காக அன்று, அறிவதற்கும் அறிவிப்பதற்குமே அது கூடியது.

சத்சங்கத்தில் கருத்து வேற்றுமை எழும்போது சாதகன் முதலில் தன்னையே வினவ வேண்டும்: ‘நான் விட்டுச் செல்வது அகங்காரத்தையா, சகோதரர்களையா?’ சகோதரர்களை வெறுத்துச் சென்றால் அது பிரிவே. எவ்வளவு உயர்ந்த கொள்கையின் பெயரால் சென்றாலும் பிரிவே.