தத்துவம் படித்தால் விசுவாசம் போய்விடுமா?



கல்லூரிகள் திறக்கும் காலத்தில் பெற்றோர் சிலர் பங்குக் குருவிடம் வந்து கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சுவாமி, மகன் தத்துவ சாஸ்திரம் படிக்கிறான். வீட்டில் ஜெபமாலைக்கு உட்கார்ந்தாலும் ஏன், எதற்கு என்று கேட்கிறான். இந்தப் படிப்பு அவன் விசுவாசத்தைக் கெடுத்துவிடாதா?" என்பதே அது. இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. ஆகையால் இந்த வாரம் இதையே நாம் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

இரண்டு சாஸ்திரங்கள்

உள்ளவை எல்லாவற்றிற்கும் அடிப்படைக் காரணம் என்ன என்று மனிதன் தன் புத்தியின் வெளிச்சத்தைக் கொண்டு தேடுவது தத்துவ சாஸ்திரம். இறைவன் தாமே வெளிப்படுத்திய சத்தியங்களை விசுவாசத்தால் ஏற்றுக்கொண்டு, அதே புத்தியைக் கொண்டு அவற்றை ஆராய்ந்து விளங்கிக்கொள்வது தேவ சாஸ்திரம். இரண்டிலும் உழைப்பது ஒரே புத்தி. அதைக் கொடுத்தவரும் ஒருவரே. எனவே மெய்யான தத்துவம் மெய்யான விசுவாசத்தைப் பொய்யாக்க முடியாது. அப்படிப் பொய்யாக்குவதுபோல் தோன்றினால், இரண்டில் ஒன்றை நாம் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்பதே பொருள்.

1274-ல் மரித்த அர்ச். தோமாஸ் அக்வினாஸ் இதை நடத்திக் காட்டினார். அரிஸ்டாட்டில் கிறிஸ்தவர் அல்ல. கிறிஸ்து பிறப்பதற்கு முன் வாழ்ந்த கிரேக்கர். அவருடைய நூல்களைக் கண்டு பலர் அஞ்சிய காலத்தில், தோமாஸ் அவற்றைக் கற்று, நல்லதை எடுத்து, தவறைத் திருத்தி, தேவ சாஸ்திரத்திற்குப் பயன்படுத்தினார். 1879-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் ஒரு நிருபம் எழுதி, தோமாஸ் வகுத்த ஞானத்தைக் கத்தோலிக்கப் பள்ளிகளில் மீண்டும் ஊன்றச் செய்தார்.

வாசல் மாறியது

அப்படியானால் இக்காலத் தத்துவத்தில் என்ன சிக்கல்? பழைய ஆசிரியர்கள் உலகத்தைப் பார்த்து, "இதெல்லாம் எப்படி உண்டாயிற்று?" என்று தொடங்கினார்கள். 17-ம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு டேக்கார்ட் வேறு வாசல் வழியாகப் புகுந்தார். எல்லாவற்றையும் சந்தேகித்துப் பார்க்கலாம்; ஆனால் சந்தேகிக்கும் நான் இருக்கிறேன் என்பதை மட்டும் சந்தேகிக்க முடியாது என்று 1637-ல் வெளிவந்த நூலில் அவர் வாதித்தார். அன்று முதல் "நான்" என்பதே தத்துவத்தின் வாசலாயிற்று. டேக்கார்ட் கத்தோலிக்கர், கடவுள் உண்டென்று வாதித்தவர். ஆனால் 1781-ல் ஜெர்மானியரான கான்ட், நம் அறிவு அனுபவத்தின் எல்லையைத் தாண்டாது, ஆகையால் கடவுள் உண்டென்று வெறும் அறிவால் நிரூபிக்க முடியாது என்று எழுதினார். அவர் கடவுளை மறுத்தவர் அல்ல. நன்னெறியின் வழியாகவே கடவுளை ஏற்கவேண்டும் என்றார். எனினும் 1870-ல் முதலாம் வத்திக்கான் சங்கம், சிருஷ்டிகளிலிருந்து கடவுளைப் புத்தியின் இயல்பான ஒளியால் நிச்சயமாய் அறியலாம் என்று பிரகடனம் செய்தது.

"நான்" என்ற வாசல் வழியாகப் புகுந்தவன் அந்த அறைக்குள்ளேயே அடைபட்டுப் போவானா? அல்லது அங்கிருந்தும் கடவுளிடம் போக வழி உண்டா? இதற்குத் தன் வாழ்நாளையே பதிலாகக் கொடுத்தவர் எடித் ஸ்டைன் அம்மாள்.

எடித் ஸ்டைன் அம்மாள்

இவர் 1891 அக்டோபர் 12-ம் நாள் பிரெஸ்லௌ நகரில் பக்தியுள்ள யூதக் குடும்பத்தில் பிறந்தார். வாலிப வயதில் ஜெபிப்பதை விட்டுவிட்டார். 1913-ல் கெட்டிங்கன் நகருக்குப் போய், எட்மண்ட் ஹுசெர்ல் என்ற பெரிய ஆசிரியரிடம் சேர்ந்தார். முன்கூட்டியே ஒரு முடிவை வைத்துக்கொள்ளாமல், பொருள்கள் நம் அறிவுக்கு எப்படித் தோன்றுகின்றனவோ அப்படியே உற்றுநோக்க வேண்டும் என்பது ஹுசெர்ல் கற்பித்த முறை. பிறருடைய துக்கத்தையும் சந்தோஷத்தையும் நாம் எப்படி அறிகிறோம் என்பதை ஆராய்ந்து, 1916-ல் எடித் டாக்டர் பட்டம் பெற்றார். பின்பு ஹுசெர்லுக்கே உதவியாளரானார்.

1917-ல் அவருடைய நண்பரும் ஆசிரியருமான அடால்ப் ரைனாக் போர்முனையில் மாண்டார். அவர் விட்டுப்போன எழுத்துக்களை ஒழுங்குபடுத்த எடித் போனார். இடிந்து கிடக்கும் ஒரு விதவைக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று தயங்கியே போனார். ஆனால் அந்த அம்மாள், சிலுவையில் வைத்த நம்பிக்கையால் துக்கத்தினூடே அமைதியாய் நின்றார். பிறர் துக்கத்தை அறிவது எப்படி என்று ஆராய்ந்த எடித்துக்கு, அந்தத் துக்கத்திற்குள் ஒளிவிட்ட விசுவாசம் புதியதொரு பொருளாய்த் தோன்றியது. உள்ளதை உள்ளபடி நோக்க வேண்டும் என்று கற்றவர், இதை மட்டும் எப்படித் தள்ளிவிட முடியும்?

1921 கோடையில் ஒரு சிநேகிதியின் வீட்டில் அவிலா தெரேசம்மாளின் சுயசரிதையை வாசித்தார். 1922 ஜனவரி முதல் நாள் ஞானஸ்நானம் பெற்றார். ஞானஸ்நானம் பெற்றபின் தத்துவத்தை அவர் தூக்கி எறியவில்லை. ஸ்பையர் நகரில் தோமினிக் சபைக் கன்னியரின் பள்ளியில் போதித்துக்கொண்டே, அர்ச். தோமாஸ் உண்மையைப் பற்றி எழுதிய நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1929-ல் ஹுசெர்லின் 70-வது பிறந்த நாள் மலருக்கு, தோமாசும் ஹுசெர்லும் உரையாடுவதாக ஒரு கட்டுரை எழுதினார். அச்சில் வந்தபோது அது சாதாரணக் கட்டுரை வடிவில் வந்தது. இருவரும் உண்மையை உழைத்துத் தேடினவர்கள். ஆனால் ஒருவருக்கு மையம் மனிதனின் உணர்வு, மற்றவருக்கு மையம் கடவுள் என்பதே அதன் சாரம்.

1933-ல் நாத்சிகள் ஆட்சிக்கு வந்ததும், யூத குலத்தவர் என்பதால் ஆசிரியப் பதவியை இழந்தார். அதே ஆண்டு கொலோன் நகர்க் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அங்கே 1936-ல் எழுதி முடித்ததே "முடிவுள்ள இருப்பும் நித்திய இருப்பும்" என்னும் பெரிய நூல். ஆசிரியர் யூத குலத்தவர் என்பதால் அது அப்போது வெளிவர முடியவில்லை, 1950-ல்தான் வெளிவந்தது.

அந்த நூலின் வாதத்தைச் சுருக்கிச் சொல்லுகிறோம். நிதானமாக வாசியுங்கள். நான் இருக்கிறேன் என்பது நிச்சயம். இதை டேக்கார்ட்டோடு ஒப்புக்கொள்ளுகிறார். ஆனால் என் நேற்று போய்விட்டது. என் நாளை வரவில்லை. இந்தக் கணம் மட்டும் என்னிடம் இருக்கிறது, அதுவும் நழுவுகிறது. அடுத்த கணத்தில் இருக்கும் சக்தியை நான் எனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை. ஆயினும் இருக்கிறேன். அப்படியானால் என்னைத் தாங்குகிறவர் ஒருவர் உண்டு. அவர் யாரிடமும் இருப்பை வாங்காமல் தாமாகவே இருக்கிறவர். மனிதனின் அடிப்படை நிலையைக் காட்டுவது அச்சமே என்று அக்காலத்தில் ஹைடெகர் என்பவர் எழுதியிருந்தார். எடித் அதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. பலமான கை ஒன்று ஏந்தியிருக்கும் குழந்தை அச்சமின்றி இருப்பது அறிவீனமா என்று கேட்டார்.

வாசல் "நான்", போய்ச்சேர்ந்த இடமோ சர்வேசுரன்! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தாங்குகிறவர் ஒருவர் உண்டு என்பது வரையில் தத்துவம் கொண்டுபோய் விடும். அவர் நமக்குத் தந்தை, தம் குமாரனையே நமக்காகத் தந்தவர் என்பதை அவரே வெளிப்படுத்தினாலன்றி யாரும் அறிய முடியாது. இதை எடித் நன்றாய் அறிந்திருந்தார்.

1938 கடைசியில் அவர் ஹாலந்து நாட்டு எக்ட் மடத்திற்கு மாறினார். யூதர்களை நாடுகடத்துவதைக் கண்டித்து அந்நாட்டு ஆயர்கள் எழுதிய சுற்றுமடல் 1942 ஜூலை 26-ல் கோவில்களில் வாசிக்கப்பட்டது. அதற்குப் பழிவாங்க, ஆகஸ்டு 2-ல் கத்தோலிக்கரான யூதர்கள் கைது செய்யப்பட்டார்கள். எடித்தும் அவர் சகோதரி ரோசாவும் ஆகஸ்டு 9-ல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டனர். அப்போது அவர் எழுதிவந்த கடைசி நூல் சிலுவை அருளப்பரைப் பற்றியது.

1998 செப்டம்பர் 14-ம் நாளிட்டு, விசுவாசமும் பகுத்தறிவும் பற்றிப் பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் எழுதிய நிருபத்தில், இவ்விரண்டையும் இணைத்துத் தேடியவர்களுள் ஒருவராக எடித் ஸ்டைனைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அடுத்த மாதம் 11-ம் நாள் அவரைப் புனிதை என அறிவித்தார்.

நமக்குப் பாடம்

1. கேள்வி பாவமல்ல. விசுவாச சத்தியத்தை மனதார மறுதலிப்பது வேறு. விளங்காததை விளக்கச் சொல்லிக் கேட்பது வேறு. கேட்கும் பிள்ளையை, "வாயை மூடு, நரகத்துக்குப் போவாய்" என்று அதட்டினால், அவன் கேட்பதை நிறுத்தமாட்டான். நம்மிடம் கேட்பதை மட்டும் நிறுத்திவிடுவான்.

2. எல்லாத் தத்துவமும் நெல்லல்ல, பதரும் உண்டு. மனிதனைத் தன் அறைக்குள் பூட்டிவைக்கும் போதனையை ஏற்க வேண்டாம். ஆனால் புடைத்துப் பார்க்காமலே முறத்தோடு கொட்டிவிடவும் வேண்டாம். மனிதன் தனக்குள் நோக்கிப் பார்க்கவும், மனித ஆளின் மாண்பை ஆழமாய் எண்ணவும் இக்காலத் தத்துவத்திலிருந்து தேவ சாஸ்திரம் கற்றது உண்டு.

3. எடித்தின் மனதை முதலில் அசைத்தது ஒரு வாதமல்ல. ஒரு விதவையின் நடத்தை. தாய் தந்தையரே, உங்களில் பலர் தத்துவம் படித்தவர்கள் அல்ல. மகனுடைய புத்தகத்திற்கு மறுப்பு எழுத உங்களால் முடியாமல் போகலாம். ஆனால் வீட்டில் நோயும் கடனும் சாவும் வரும்போது நீங்கள் எப்படி நிற்கிறீர்கள் என்பதை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் அவனுக்குக் கொடுக்கும் பாடம் அதுவே.

இந்த வாரம் செய்ய வேண்டியது

உங்கள் பிள்ளையின் மனதில் உள்ள கேள்வி எது என்று ஒரு நாள் இராச்சாப்பாட்டிற்குப் பின் கேளுங்கள். குறுக்கே பேசாமல் முழுவதும் கேளுங்கள். பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். பிறகு அவனையும் அழைத்துக்கொண்டு குருவானவரிடம் வாருங்கள்.

தம்மையே சத்தியம் என்று அழைத்த ஆண்டவர், சத்தியத்தைத் தேடும் எந்தப் பிள்ளையையும் கைவிடமாட்டார். அவருடைய ஆசீர்வாதம் உங்கள் குடும்பங்கள்மேல் இருப்பதாக.

உங்கள் பங்குக் குரு